தண்ணி அடித்த கார்

போன மாதம் என் மருமகன் வேலை செய்யும் கராஜுக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பம்ப், நொசில், குழாய், வயர், ஒரு சின்ன டேங்க் எல்லாம் ஸ்பொஞ்சுக்குள் பதிந்து கிடந்தன. டர்போ எஞ்சினுக்குள் தண்ணீரையும் அல்கஹோலையும் கலந்து தெளிக்கிற சாமானாம். வெளிநாட்டிலிருந்து வந்ததாம். "மாமா, நீங்க அந்தக் காலத்துலயே இத செஞ்சீங்களாமே, மெய்தானா?" என்று கேட்டார்கள்.

மெய்தான். நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். வேலை நிற்கிறதே என்று விரட்ட வந்த அவர்களுடைய முதலாளியும் கடைசியில் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்படி என்னதான் சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன். தேயிலை ஃபெக்டரி எஞ்சின் அறையில் எண்ணெய் விட்டேன். பிறகு கண்டியில் ஒரு லொறி கராஜில் நாலு வருஷம் திட்டு வாங்கினேன். இருபத்தாறு வயதில் நுவரெலியாவுக்கு வந்து ஆறுமுகம் பாஸிடம் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் தலைமை மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் சொல்வோம். கராஜும் அவருடையதுதான்.

ஆறுமுகம் பாஸ் பொனட்டைத் திறக்கும் முன் கையைக் கழுவுவார். வேலை முடிந்து கழுவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் தொடங்கும் முன்பும் கழுவுவார். பிறகு நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் கராஜில் யாரும் தும்மக்கூடாது. கண்ணைத் திறந்து, "மூணாவது வால்வு," என்பார். மூணாவது வால்வாகத்தான் இருக்கும்.

அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். மரியாதை கூடும். "டேய் சந்தனம்" என்றால் எல்லாம் சுகம். "சந்தனம்" என்றால் கவனம். "சந்தனம் சார், செத்த இங்கிட்டு வர்றீங்களா" என்றால் ஓடிவிட வேண்டும்.

அவர் எங்கள் ஊர் மது ஒழிப்புச் சங்கத்தின் தலைவர். பதவிக்காக இருந்தவர் இல்லை, நெஞ்சார நம்பியவர். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி "முருகனுக்கு" என்பார். நாங்கள் அவர் முகத்துக்கு நேரே "அரோகரா" என்று சொல்ல வேண்டும். பக்தி என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது, மோந்து பார்க்கிறார். கராஜில் இருந்த சிங்கள வெல்டரும் முஸ்லிம் பெயின்டரும்கூட அரோகரா போட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஒருவன் இருமல் மருந்து குடித்துவிட்டு அரோகரா சொன்ன அன்றைக்கே வேலை போய்விட்டது.

இந்தக் கராஜுக்குத்தான் சிவபாலன் மாஸ்டர் தன் காரைக் கொண்டுவந்தார்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தார். குடியின் கேடுகளைப் பற்றி மாதா மாதம் சங்கத்தில் உரையாற்றுகிறவரும் அவர்தான். அதனால் பாஸுக்கு அவர் மேல் மிகுந்த மதிப்பு. கனடாவிலிருந்த தம்பி அனுப்பிய காசில் மாஸ்டர் ஒரு வெள்ளை நிற ஜப்பான் காரை வாங்கியிருந்தார். சின்னக் கார்தான், ஆனால் டர்போ. ஊரிலேயே வேகமான கார், ஊரிலேயே மெதுவாக ஓட்டுகிற மனிதரின் கையில் இருந்தது.

"கார் இழுக்குதில்லை," என்றார் மாஸ்டர்.

"எங்கிட்டு இழுக்கல மாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. பாஸ் காது கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னார். இறம்பொடை ஏற்றத்தில் லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று அவரை முந்திப் போயிருக்கிறது. லீக்ஸ் மூட்டைகளின் மேல் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "சார், எறங்கி வந்து தள்ளி உடணுமா?" என்று கேட்டார்களாம்.

"கிண்டலில்லை, சந்தனம். பெடியள் உண்மையான அக்கறையோடதான் கேட்டவங்கள். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு," என்றார்.

காரை ஓட்டிப் பார்த்தேன். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்குகிற விசிறி. காற்றை அமுக்கினால் சூடாகும். சூடான காற்றில் நம்மூர் பெற்றோல் நேரம் வரும் முன்பே வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம் கேட்கும். அதற்கு நொக் என்று பெயர். விட்டுவிட்டால் பிஸ்டன் உடைந்துவிடும். யாரோ அதற்குப் பயந்து தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். நொக் போயிருந்தது, இழுவையும் கூடவே போயிருந்தது.

"இதுக்கு ஒரு வழி இருக்கு," என்று மாஸ்டர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். "காத்துக்குள்ள தண்ணியையும் அல்கஹோலையும் பனி மாதிரித் தெளிச்சால் காத்துக் குளிரும். நொக் வராது. டைமிங்கைத் திரும்ப முன்னுக்குக் கொண்டு வரலாம்."

'அல்கஹோல்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் கராஜின் அந்தக் கோடியைப் பார்த்தேன். பாஸ் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

"மாஸ்டர், நீங்க போன மாசந்தானே சங்கத்துல அத பத்தி ஒன்ற மணி நேரம் பேசுனீங்க?"

"அது வயித்துக்கு. இது எஞ்சினுக்கு," என்றார் மாஸ்டர்.

முதலில் வெறும் தண்ணீரில்தான் தொடங்கினோம். அதைப் பாஸிடம் சொல்லியே செய்தோம். தோட்டங்களில் மருந்தடிக்கிற கருவியின் பித்தளை நொசிலை எடுத்து டர்போவிலிருந்து வரும் குழாயில் பொருத்தினேன். முன்சீட்டின் காலடியில் பூச்செடிக்குத் தெளிக்கிற கைப்பம்பு போத்தல் ஒன்று. ஏற்றம் தொடங்கும் முன் பத்துத் தடவை பம்ப் அடித்துவிட்டால் உள்ளே அழுத்தம் நிற்கும். டர்போவின் அழுத்தம் ஏழு றாத்தலைத் தாண்டினால் ஒரு சுவிட்ச் வால்வைத் திறக்கும், தண்ணீர் தெளிக்கும். சண்டைக் காலத்தில் போத்தலும் குழாயும் வயரும் வைத்துக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் செக்பொயின்டைத் தாண்டியிருக்க முடியாது. நல்ல காலம், அப்போது சமாதானம் நடந்துகொண்டிருந்தது.

முதல் நொசில் மழை போல ஊற்றியது. எஞ்சின் தும்மி நின்றது. மாஸ்டர் நொசில்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் அடித்து, துளியின் அளவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளவுகுவளையில் பிடித்தார். நிமிஷத்துக்கு இருநூறு மில்லிலீட்டர் வந்த நொசிலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

நொக்கைக் கேட்க என்னிடம் ஒரு வித்தை இருந்தது. செப்புக் குழாயின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி, துளை போட்டு, எஞ்சின் பிளொக்கில் ஒரு போல்ட்டோடு சேர்த்து இறுக்குவேன். மறு முனையில் ரப்பர் குழாய் மாட்டி, அதை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து காதில் செருகிக்கொள்வேன். நொக் தொடங்கினால் அந்தக் குழாய் காதுக்குள் வந்து சொல்லும். ஏற்றத்தில் முழு வேகத்தில் இழுத்துவிட்டு, எஞ்சினை அப்படியே நிறுத்தி, பிளக்கைக் கழற்றியும் பார்ப்பேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் ஆபத்து. இல்லையென்றால் டைமிங்கை இன்னும் அரைப் பாகை முன்னுக்குக் கொண்டுவரலாம். இப்படித்தான் டியூன் செய்தோம். காதில் குழாய் மாட்டிய நான் ஓட்டுவேன். பக்கத்தில் மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொப்பியில் எழுதுவார். பிறகு அவர் கையெழுத்தை அவருக்கே விளங்காது.

பாஸ் ஒரு நாள் வந்து போத்தலைப் பார்த்தார். "இது என்னாடா பண்ணுது?"

"தண்ணி அடிக்குது பாஸ்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணிய அடிக்குதுன்னு சொல்லு," என்று திருத்திவிட்டுப் போனார்.

தண்ணீரால் நொக் போனது. ஆனால் எஞ்சின் மூச்சு முட்டியது போல இழுத்தது. பாதிக்குப் பாதி அல்கஹோல் கலக்காமல் தீராது என்றார் மாஸ்டர். மரத் தளபாடம் மினுக்குகிறவர்கள் வாங்குகிற ஸ்பிரிட்டை ஹார்ட்வெயார் கடையில் வாங்கினார். போத்தலில் மண்டையோடு வரைந்து ஒட்டினார். "இதை ஒருத்தரும் வாயில வைக்கக்கூடாது. கண் போகும், உயிரும் போகும்," என்று என்னிடம் மூன்று தரம் சொன்னார்.

கலவை ஊற்றிய அன்று இறம்பொடை ஏற்றத்தில் கார் என்னை சீட்டோடு சேர்த்து அமுக்கியது. டர்போவில் பன்னிரண்டு றாத்தல் அழுத்தம்! குழாயில் நொக் இல்லை. எஞ்சின் வெண்ணெய் போல ஓடியது. எங்களுக்கு முன்னால் ஒரு லீக்ஸ் லொறி போய்க்கொண்டிருந்தது. அதே லொறியா என்று தெரியாது. நாங்கள் முந்தும்போது மாஸ்டர் கண்ணைத் திறந்து லொறியைப் பார்த்துக் கையசைத்தார்.

ஆனால் வாசனை? ஸ்பிரிட் நெடி காருக்குள் நிறைந்துவிட்டது. மறுநாள் பாஸ் காரைப் பார்க்க வருவார். மாஸ்டர் இரவெல்லாம் யோசித்துவிட்டு, விடிந்ததும், பலகாரக் கடையிலிருந்து ரோஸ் எசன்ஸ் வாங்கிவந்து கலவையில் ஊற்றினார். இளஞ்சிவப்பாக, மணமாக இருந்தது. பாஸ் மோந்து பார்த்தார்.

"என்னடா, கல்யாண ஊடு மாதிரி மணக்குது?"

"பன்னீர் பாஸ். மாஸ்டர் கொஞ்சம் தண்ணியில கலந்திருக்காரு," என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி ராஜேஸ்வரி சட்டையைத் துவைக்க எடுத்தவள் மூக்கருகே கொண்டுபோனாள். "மேல பன்னீரு, அதுக்கு அடியில சாராயம். எவ ஊட்டுக்குப் போயிட்டு வர்றீங்க?" மாஸ்டரை வீட்டுக்குக் கூட்டிவந்து விளக்கம் சொல்ல வைத்தேன். அவர் கரும்பலகை கேட்டார். அதற்குள் அவள் நம்பிவிட்டாள்.

பாஸிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் அரோகரா சொல்லும்போது, இருமல் மருந்துக்காரன் ஞாபகத்துக்கு வருவான். எனக்கு இரண்டு பிள்ளைகள். வாய் அரோகராவோடு நின்றுவிடும்.

அந்த வருஷம் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் போக ஒரு வெள்ளைக் கார் வேண்டும் என்று பாஸ் மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டரால் மறுக்க முடியவில்லை. "குடியை ஒழிப்போம்" என்ற பதாகையை பொனட்டின் மேல் கட்டினார்கள். கீழே டர்போ. பாஸ் வேட்டி, பட்டுச்சால்வையோடு முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் காலுக்கிடையில் போத்தல். மாஸ்டர் ஓட்டினார், அந்த வேகத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை. கார் சூடாகிவிடுமோ என்று நான் பக்கத்தில் நடந்தேன். பின்னால் சங்கத்துக்காரர்கள் அறுபது பேர் கோஷம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மண்டப வாசலில் கார் நின்றது. அப்போதுதான் பாஸ் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே மேலதிகமாக நிரப்பி வைத்திருந்த இரண்டாவது கைப்பம்பு போத்தல் கிடந்தது. மண்டையோடு ஒட்டிய பக்கம் சீட்டுப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"நல்ல வேலை பண்ணீங்க மாஸ்டர்! பன்னீர் தெளிக்கணுமேன்னு எனக்குத் தோணவே இல்ல," என்று அதை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். "அது, அது..." என்று திக்கினார். நான் காரைச் சுற்றி ஓடி வருவதற்குள் பாஸ் வாசலில் நின்று, வருகிறவர்கள் தலையில் எல்லாம் சிரத்தையாகத் தெளிக்கத் தொடங்கிவிட்டார். சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற நீதவானுக்கு இரண்டு தரம் தெளித்தார். சங்கத்துச் செயலாளர் தையற்கடை ராமையாவுக்கு ஒரு தரம். கடைசியில் தன் சால்வையில் தாராளமாக அடித்துக்கொண்டார். ரோஸ் மணம் முதலில் வந்தது. பின்னாலேயே மற்றது வந்தது. கூட்டம் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தது. ராமையா தன் மனைவியிடம், "நான் இல்ல, நான் இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மட்டிலும் சிரிப்புத்தான். நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் தலையில் கைவைத்தேன். ஆனால் கூட்டம் உள்ளே போய் உட்கார்ந்ததும் மேடையைப் பார்த்தேன். நடுவில் ஐந்து திரிக் குத்துவிளக்கு. பாஸ் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதவான் தீக்குச்சியை உரசப் போனார். பாஸின் சால்வை நனைந்து விளக்கின் மேல் தொங்கியது.

மாஸ்டரைத் தேடினேன். வாசலில் வெளிறிப்போய் நின்று, "பாதிக்குப் பாதி எண்டாலும் பத்தும், சந்தனம், பத்தும்!" என்றார்.

எப்படி மேடைக்கு ஓடினேன் என்று தெரியாது. மைக் பக்கத்தில் இருந்தது. "பாஸ், பத்த வைக்காதீங்க! அது பன்னீரு இல்ல, ஸ்பிரிட்டு! நான்தான் பொய் சொன்னேன்! கார் மெய்யாலுமே தண்ணி அடிக்குது!"

மண்டபம் முழுவதும் கேட்டது. வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் கடைவீதி முழுவதும் கேட்டது.

நீதவான் தீக்குச்சியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பாஸ் தன் சால்வையை எடுத்து மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். அதை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"சந்தனம் சார் அவர்களே," என்றார். "ரொம்ப நன்றிங்க. தயவு பண்ணி எல்லாருக்கும் தலை கழுவ தண்ணி எடுத்துக் குடுங்க. வெறும் தண்ணியா பாத்து."

'சார் அவர்களே' என்பதை அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை. அறுபது பேருக்கும் பீலியடியில், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், தண்ணீர் ஊற்றினேன். நுவரெலியாக் குளிரில், பச்சைத் தண்ணீரில். நீதவான் மட்டும் சிரித்துக்கொண்டே தலையை நீட்டினார். ஈரத் தலைகளோடு விளக்கேற்றி, விழா நடந்தது. பாஸ் பேசியபோது பல் அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை என் ஸ்பேனர்களை ஒரு பையில் கட்டிக்கொண்டுதான் போனேன். மாஸ்டர் எனக்கு முன்பே வந்து நின்றார். பாஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அத மனுசன் குடிக்கலாமா?"

"ஒரு சொட்டும் ஏலாது. விஷம்."

"அப்போ அது மது இல்ல. மருந்து," என்றார் பாஸ். கையைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு கெழமையா அந்த கார் ஏத்தத்துல போற சத்தத்த கேட்டுக்கிட்டு இருந்தேன். நொக் இல்ல. வெறும் தண்ணியிலேயும் டைமிங்கிலேயுமே சரி பண்ணிட்டான், நம்ம பயலுக்கு காது வந்திருச்சின்னு நெனச்சேன். பொய் சொன்னியேங்கிறதுதான் வருத்தம். அவ்வளவு பேரு முன்னால உண்மைய சொன்னதால வேல இருக்கு. வண்டிய எடு. நான் கேக்கணும்."

'டா' போடவில்லை; ஆனால் 'சார்' இல்லை. பையை அப்படியே மேசைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

இறம்பொடைக்கு இறங்கிப் போய்த் திரும்பி ஏறினோம். நான் ஓட்ட, மாஸ்டர் பின்சீட்டில். பாஸ் காதில் குழாயைச் செருகிக்கொண்டு, தானே பத்துத் தடவை பம்ப் அடித்தார். பன்னிரண்டு றாத்தலில் முதல் வளைவு. "அடேயப்பா," என்றார். இரண்டாவது வளைவு. "ரெண்டு பாகை இன்னும் முன்னுக்கு போகலாம்டா," என்றார். நாலாவது வளைவில் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது வளைவில் என் தோளைத் தட்டினார்.

நிறுத்தினேன். பாஸ் இறங்கி, மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வயிற்றில் இருந்ததை எல்லாம் எடுத்தார். போத்தலும் காலியாகிவிட்டதால் மாஸ்டர் இறங்கி, மண்டையோட்டுப் போத்தலையும் புனலையும் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவினார். சரியாக அந்த நேரத்தில் கண்டியிலிருந்து வந்த பஸ் வளைவில் திரும்பியது. இடப்பக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள். நடு ஜன்னலில், துணி வாங்கிக்கொண்டு திரும்பிய ராமையாவின் முகம்.

சனிக்கிழமையே அவசரக் கூட்டம் கூடியது. ராமையா எழுந்து நின்றார். "தலைவர் நடு ரோட்டுல வாந்தி எடுத்தத நாப்பது அம்பது பேரு பாத்திருக்காங்க. பக்கத்துல போத்தல் இருந்திருக்கு. தலைவர் பதில் சொல்லணும்."

மாஸ்டர் சாட்சி சொன்னார். ஸ்பிரிட் எப்படி ஆவியாகிறது, ஆவியாகும்போது ஏன் குளிர்கிறது என்று முக்கால் மணி நேரம். போதும் மாஸ்டர், நம்பிட்டோம் என்று பலர் எழுந்து கும்பிட்டார்கள். நானும் நடந்ததைச் சொன்னேன். கடைசியாகப் பாஸ் எழுந்தார்.

"வாந்தி எடுத்தேன். மறைக்கல. ஆனா குடிச்சி எடுக்கல, வேகத்துல எடுத்தேன். வேகமா போறது குத்தம்னு நம்ம சங்கத்துல விதி இருந்தா காட்டுங்க, இப்பவே எறங்கிக்கிறேன்."

ராமையா மூக்குக்கண்ணாடியைப் போட்டு விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கள் இருந்தது, சாராயம் இருந்தது, கசிப்பு இருந்தது, வெளிநாட்டு வகைகள் இருந்தன. வேகம் இல்லை. புத்தகத்தை மூடினார். கூட்டம் கலைந்தது.

எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ராமையா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"சந்தனம், ஏத்தத்துல எத்தன மைல் போகும்?"

சொன்னேன். "அடேயப்பா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கராஜைத் திறந்தபோது, ஸ்வெட்டரும் காதை மூடுகிற மங்கிக் குல்லாவும் போட்டுக்கொண்டு ராமையா வாசலில் நின்றிருந்தார். தையற்காரர் இல்லையா, எதையும் அளந்து செய்கிறவர். தலைவருக்கு வந்தது தனக்கும் வந்தால் பிடிக்க, கையில் இரண்டு பொலித்தீன் பை வைத்திருந்தார்.